ஆறிப்போன முட்டைகள் பற்றிய முறைப்பாடு

பயணிகள் விமானத்திலிருந்து இறங்கிப் பெட்டியை எடுக்கும் முன்னரே இப்போது சுற்றுலாத் தொழிலுக்கு வந்திருக்கும் நீங்கள் அவர்களுடைய கைபேசிக்குச் செய்தி அனுப்பிவிடுகிறீர்கள். வழிகாட்டி எப்படி, எத்தனை நட்சத்திரம், அவருடைய பெயரைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுத முடியுமா? நல்ல விஷயம்தான், குறை சொல்ல வரவில்லை. ஓய்வு பெற்றவள் வாயைத் திறந்தால் 'எங்கள் காலத்தில்' என்று தொடங்கிவிடுவாள் என்று நீங்கள் எனக்குப் பின்னால் சிரிப்பதும் தெரியும். சிரித்து முடித்துவிட்டு வாசியுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எப்படி நன்றி சொல்வது என்பதை நான் பட்டுத்தான் படித்தேன்.

நான் வேலை செய்தது லண்டனில், சீனாவுக்குச் சுற்றுலாக் குழுக்களை அனுப்பும் ஒரு சின்ன நிறுவனத்தில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருத்திக்குச் சீனாவோடு என்ன அலுவல் என்று ஹவுன்ஸ்லோவில் எங்கள் தெருவில் கேட்காத ஆளில்லை. கம்பி வழியாகச் செய்தி அனுப்பும் ரெலெக்ஸ் இயந்திரத்தில் அடிக்கத் தெரிந்தவர் வேண்டும் என்று விளம்பரம் போட்டிருந்தார்கள், எனக்கு அடிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சீனா அப்போதுதான் கதவைத் திறந்திருந்தது. வெளிநாட்டார் பெரும்பாலும் குழுவாகத்தான் போவார்கள், எங்கே போவது எதைப் பார்ப்பது எல்லாவற்றையும் அங்குள்ள அரசாங்க அலுவலகமே முடிவு செய்யும். ஒவ்வொரு குழுவுக்கும் பெய்ஜிங்கிலிருந்து ஒரு வழிகாட்டி வருவார். அவருக்கு வீடு கொடுப்பது அந்த அலுவலகம், கல்யாணத்துக்கு அனுமதி கொடுப்பதும் அதே அலுவலகம். ஆளுக்கொரு கோப்பு இருக்கும். நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு கடிதமும் அந்தக் கோப்புக்குள் போகும்.

அங்கே காற்று அடிக்கடி மாறும். ஒரு வருடம் வெளிநாட்டாரோடு பேசு, பழகு, ஆங்கிலம் படி என்பார்கள். அடுத்த வருடம் வெளிநாட்டு அழுக்கு உள்ளே வருகிறது என்று பிரசாரம் தொடங்கும். போன மாதம் பயணிகளோடு சிரித்துப் பேசிய வழிகாட்டி, ஏன் சிரித்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். லண்டனில் இருந்துகொண்டு இதையெல்லாம் நாங்கள் பத்திரிகையில் தெரிந்துகொள்ளவில்லை. ரெலெக்ஸில் வரும் வார்த்தைகள் சுருங்குவதை வைத்தே தெரிந்துகொள்வோம்.

எங்கள் முதலாளி நரைத்த தாடி வைத்த ஓர் ஆங்கிலேயர். குழு திரும்பியதும் அந்த அலுவலகத்துக்கு நன்றிக் கடிதம் எழுதுவது வழக்கம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. நோயாளிப் பயணி ஒருவரைத் தன் தகப்பனைப் போலப் பார்த்துக்கொண்ட வழிகாட்டி ஒருவருக்கு ஒரு பக்கம் முழுக்கப் புகழ்ந்து எழுதினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அத்தனையையும் அதில் இறக்கியிருந்தேன்.

முதலாளி வாசித்துவிட்டு, "ஒரு முறைப்பாடும் சேர்" என்றார்.

"ஒன்றும் பிழையாக நடக்கவில்லையே."

"அதனால்தான் சேர்க்கச் சொல்கிறேன். வெளிநாட்டார் ஒருவரை இவ்வளவு புகழ்ந்தால், பக்கத்து மேசைக்காரன் என்ன நினைப்பான்? இவன் அவர்களுக்கு என்ன கொடுத்தான் என்று யோசிப்பான். ஒரு சின்னக் குறை இருந்தால் அது வெறும் தொழில் கடிதம் ஆகிவிடும்."

"என்ன குறை எழுதுவது?"

"காலைச் சாப்பாட்டு முட்டை ஆறியிருந்தது என்று எழுது. அது எந்த ஹோட்டலிலும் உண்மை. முட்டைக்காக ஒருவரையும் சிறையில் போடமாட்டார்கள்."

எனக்குக் கோபம் வந்தது. நல்லது செய்த மனிதனை நல்லவன் என்று எழுதக்கூட ஏலாத ஒரு நாடா என்று முணுமுணுத்துக்கொண்டே முட்டையைச் சேர்த்தேன். பிறகு அது எங்கள் அலுவலகத்தின் பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது. யாராவது ஒருவரை அளவுக்கு மீறித் தூக்கிப் பேசினால் இன்னொருவர் மேசையில் தட்டி 'முட்டை ஆறிவிட்டது' என்பார். போதும், நிறுத்து என்று அர்த்தம்.

1989 ஜூன் மாதம் முதலாளி தானே ஒரு குழுவோடு பெய்ஜிங்கில் இருந்தார். வருடத்துக்கு ஒரு குழுவோடு அவர் போவது வழக்கம். அந்தச் சனி இரவு பெய்ஜிங் தெருக்களில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாணவர்கள் கூடியிருந்த சதுக்கத்தை நோக்கி இராணுவம் டாங்கிகளோடு வந்தது, வழியில் நின்றவர்களைச் சுட்டது. நாங்கள் லண்டனில் தொலைக்காட்சியில் பார்த்தோம். அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை. ஒவ்வொரு அழைப்பும் யாரோ ஒருவருடைய மகள், யாரோ ஒருவருடைய கணவன். நாங்கள் பெய்ஜிங்குக்கு எடுத்தால் இணைப்புக் கிடைக்கவில்லை.

குழு ஒருவாறு ஹொங்கொங்குக்கு வந்து சேர்ந்த பிறகுதான் முதலாளியின் குரலைக் கேட்டேன். எல்லோரும் சுகம் என்றார். பிறகு அந்த ஞாயிறு முற்பகலில் நடந்ததைச் சொன்னார்.

காயப்பட்ட இரண்டு பெடியன்களைச் சனம் கதவு ஒன்றில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஹோட்டல் வாசலுக்கு வந்திருக்கிறது. ஹோட்டல்காரர் கேற்றைப் பூட்டிவிட்டார்கள். எங்கள் பஸ் வெளியில் நின்றிருக்கிறது. வழிகாட்டி ஓடிப்போய் ஓட்டுநரிடம் ஏதோ கேட்க, ஓட்டுநர் தன் வெள்ளைக் கையுறைகளைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுப் பஸ் கதவைத் திறந்திருக்கிறார். எங்கள் பயணிகளும் சேர்ந்துதான் அந்தப் பெடியன்களைத் தூக்கி ஏற்றினார்கள். வழிகாட்டியும் ஓட்டுநரும் அவர்களை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மத்தியானம்தான் திரும்பி வந்தார்கள். பயணிகள் ஹோட்டல் துவாய்களை நனைத்து இருக்கைகளில் இருந்த இரத்தத்தைத் துடைத்தார்கள்.

"அந்த மனிதனைப் போல ஒருவனை நான் கண்டதில்லை," என்று முதலாளி வழிகாட்டியைச் சொன்னார்.  அவர் அழுது நான் கேட்டது அந்த ஒரு முறைதான். "லண்டனில் இறங்கியதும் பத்திரிகைக்காரரிடம் நானே சொல்லப்போகிறேன். அவனுடைய பெயரை உலகம் அறிய வேண்டும்."

வேண்டாம் என்று நான் தொடங்குவதற்குள் விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கக் கடிதத்துக்கே முட்டை சேர்க்கச் சொன்ன மனிதர் அவர். கண்ணால் கண்டதும் எல்லாம் மறந்துபோயிற்று. நெஞ்சு நிறைந்தவரிடம் நிதானத்தை எதிர்பார்க்கக்கூடாது, பக்கத்தில் நிற்பவர்தான் அவருக்காக நிதானமாக இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. பதிவுகள் எல்லாம் ரத்தாகிக்கொண்டிருந்த நேரம் அது. எங்கள் வழிகாட்டி வீரன் என்று தொலைக்காட்சியில் வந்தால் நிறுவனத்துக்கு நல்ல பெயர். அலுவலகத்தில் ஒருவர் அதை வாய்விட்டே சொன்னார்.

நான் ஹீத்ரோவுக்குப் போனேன். வருகை வாசலில் கமராக்கள் வரிசையாக நின்றன. பெட்டி எடுக்கும் மண்டபத்துக்குள் நான் போக முடியாது, முதலாளி வெளியில் வந்தபின் பேசவும் நேரமிருக்காது. அப்போதுதான் சிவராசா அண்ணை தள்ளுவண்டிகளை வரிசையாக உருட்டிக்கொண்டு வந்தார். எங்கள் தெருவில் இருப்பவர், விமான நிலையத்தில் வேலை.

"அண்ணை, ஒரு உதவி. இப்ப இறங்கின ஹொங்கொங் பிளைட்டில என்ர முதலாளி வாறார். நரைச்ச தாடி, உயரமான மனுசன். உள்ளுக்கை போய் அவரிட்டை ஒரு சொல் சொல்ல வேணும்."

"என்னெண்டு?"

"முட்டை ஆறிப்போச்சு எண்டு."

அவர் வண்டியை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "பிள்ளை, ராத்திரி நித்திரை கொண்டனீரோ?"

"பகிடி இல்லை அண்ணை."

"வாற ஆக்களோட தேவையில்லாமல் கதைக்கக்கூடாதெண்டு சுப்பவைசர் சொல்லி வைச்சிருக்கிறான். அதுவும் முட்டைக் கதை கதைச்சால் என்னை விசரனெண்டு வீட்டை அனுப்பிப்போடுவாங்கள்."

"அண்ணை, அங்க ஒருத்தர் எங்கட டொக்டரைப் போல ஒரு காரியம் செய்திருக்கிறார். முதலாளி வெளியில வந்தால் அவற்றை பேரைச் சொல்லிப்போடுவார்."

டொக்டர் என்ற சொல் அவருக்குப் போதுமாக இருந்தது. வண்டிகளை உருட்டிக்கொண்டு உள்ளே போனார்.

எங்கள் டொக்டர் யார் என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில், சண்டைக் காலத்தில், எந்தப் பக்கத்துப் பிள்ளை என்று பாராமல் காயத்துக்கு மருந்து கட்டிய மனிதர். அவரால் பிழைத்த ஒருவர் லண்டனுக்கு வந்து, ஒரு மண்டபத்தில் கூட்டத்துக்கு நடுவில் அவருடைய பெயரைச் சொல்லிக் கண்ணீரோடு நன்றி சொன்னார். நானும் சிவராசா அண்ணையும் அந்தக் கூட்டத்தில் இருந்தோம், கை தட்டினோம். பேச்சைக் கசெற்றில் பதிந்து ஊருக்கு அனுப்பினார்கள். யார் காதில் விழுந்ததோ தெரியாது, டொக்டரை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவேயில்லை. அந்தக் கைதட்டல் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

உள்ளே நடந்ததை முதலாளி பிறகு சொன்னார். பெட்டிக்காகக் காத்து நின்றவரிடம் ஒருவர் வந்து, "சேர், எக்ஸ் ஆர் கோல்ட்" என்று முட்டைச் செய்தியை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தள்ளுவண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம்.  முதலாளி உடனே குழுவை ஒரு மூலைக்குக் கூப்பிட்டு, வெளியில் வழிகாட்டியைப் பற்றியோ பஸ்ஸைப் பற்றியோ மூச்சும் விடக்கூடாது என்றாராம்.

எல்லோரும் சம்மதித்தார்கள், ஒருவரைத் தவிர. திருமதி ஹார்ட்லி என்று ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. அவர் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்கு முன்னே விறுவிறென்று வெளியில் வந்து, நேரே ஒலிவாங்கிகளுக்கு முன்னால் போய் நின்றார். "எங்களுக்கு ஒரு வழிகாட்டி இருந்தார். அவருடைய பெயரை நான் சொல்ல விரும்புகிறேன்," என்று தொடங்கினார்.

நான் தடுப்புக் கயிற்றுக்குக் கீழால் குனிந்து ஓடினேன். "அம்மா! வந்திட்டீங்களே அம்மா!" என்று தமிழிலேயே பெரிதாகக் கத்திக்கொண்டு அவரைக் கட்டிப்பிடித்தேன். கமராக்காரர் திகைத்துப்போனார்கள். அந்த வெள்ளைக்கார அம்மாவோ மரம்போல நின்றார். அவருடைய காதுக்குள், "பெயரைச் சொன்னால் அவரைக் கொன்றுவிடுவீர்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

கோப்பிக் கடைக்குள் கொண்டுபோய் இருத்தினோம். திருமதி ஹார்ட்லி கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கோபத்தோடு சொன்னார்:

"வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு உண்மை பேசக் கற்பித்தவள் நான். ஒரு நல்லவனைப் பற்றி வாயை மூடிக்கொண்டிரு என்கிறீர்கள். அப்படியென்றால் அந்த டாங்கிக்காரர்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

  எங்கள் டொக்டரின் கதையை நான் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர், "சரி, அவனுக்காக நான் என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

"ஒரு முறைப்பாடு எழுதலாம்," என்றார் முதலாளி.

வழக்கமான முட்டைதான், ஆனால் இந்த முறை அதற்குள் ஒரு வேலை வைத்தோம். அந்த ஞாயிறு முற்பகலில் வழிகாட்டி எங்கே இருந்தார் என்று அங்கே நிச்சயம் கேட்பார்கள். ஆகவே திருமதி ஹார்ட்லி இப்படி எழுதினார்: ஞாயிறு காலை எங்களுக்குத் தரப்பட்ட முட்டைகள் ஆறிப்போயிருந்தன. வழிகாட்டி முற்பகல் முழுவதும் சாப்பாட்டு அறையை விட்டு அசையாமல் நின்று சமையற்காரரோடு வாதாடியும் ஒரு சூடான முட்டையைத் தானும் பெற்றுத்தரவில்லை. இத்தகைய அலட்சியத்தை நான் எந்த நாட்டிலும் கண்டதில்லை.

ஒரு தலைமை ஆசிரியையின் கண்டிப்பு அத்தனையும் அதில் இருந்தது. குழுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் தட்டச்சுச் செய்தேன். எங்கள் கெட்டித்தனத்தை நினைத்து, அந்தக் கெட்ட வாரத்திலும் நாங்கள் சிரித்தோம்.

அதன் பிறகு சீனாவுக்குப் போக ஆளில்லை. நிறுவனத்தை மூடிவிடுவோமா என்ற அளவுக்கு வந்துவிட்டது. அரசாங்கங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டன, பிறகு மெல்ல மெல்லத் திரும்பிப் பார்த்தன. வியாபாரம் என்று வந்தால் எல்லோருக்கும் ஞாபகம் கொஞ்சம் குறைவுதான். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ஹொங்கொங்கை எப்படிக் கையளிப்பது என்று இரண்டு நாடுகளும் இழுபறிப்பட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே, சுற்றுலா வியாபாரம் பழையதைவிடப் பெரிதாகிவிட்டது. நீலச் சட்டைகளோடு எங்களை வரவேற்ற அலுவலகத்திலிருந்து இப்போது நல்ல கோட்டும் சூட்டுமாக லண்டனுக்கு வந்தார்கள்.

அப்படி வந்த ஒரு குழுவுக்கு நாங்கள் விருந்து கொடுத்தோம். தலைமை தாங்கி வந்தவர் எங்கள் வழிகாட்டி. என்னோடு கை குலுக்கினார், முதல்முறை சந்திப்பவரைப் போலப் பெயர் அட்டையை இரண்டு கையாலும் கொடுத்தார். ஓய்வு பெற்றிருந்த முதலாளியும் வந்திருந்தார். அவரோடும் அப்படியே.

சாப்பாடு முடிந்ததும் அவர் எழுந்து ஆங்கிலத்தில் பேசினார். நீண்டகால நட்பு, பரஸ்பர நன்மை, எல்லாம் சொன்னார். கடைசியில், "இந்த நிறுவனம் எங்கள் மீது வைத்த மிகக் கடுமையான முறைப்பாடு ஆறிப்போன முட்டைகள் பற்றியது. அதற்குப் பொறுப்பானவன் நான்தான். இன்றிரவு எல்லாம் சூடாக இருந்தது, நன்றி," என்று கிண்ணத்தை உயர்த்தினார். அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கப்போய் முடியாமல் கைக்குட்டையை எடுத்தார். எனக்குச் சந்தோசம் தாங்க முடியவில்லை.

கோட்டுகள் மாட்டியிருந்த இடத்தில் அவர் தனியாக நின்றபோது நான் போனேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "அந்தக் கோடையில் எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொருவரும் அந்த நாள்களில் எங்கே இருந்தோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். போதாது, திருப்பி எழுது என்பார்கள். மற்றவர்கள் என்னென்னவோ எழுதினார்கள். நான் ஒவ்வொரு முறையும் முட்டையைப் பற்றி எழுதினேன்."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, ஒரு மரியாதைக்கு, "உங்கள் ஓட்டுநர் எப்படி இருக்கிறார்?" என்று கேட்டேன்.

கோட்டுக்குள் ஒரு கையை விட்டவர் அப்படியே நின்றார்.

"ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நின்றதைப் பலர் கண்டிருந்தார்கள். நான் சாப்பாட்டு அறையில் இருந்தேன் என்று உங்கள் கடிதம் சொன்னது. அப்படியானால் பஸ்ஸில் போனது யார் என்று கேட்டார்கள்."

"அவர் என்ன சொன்னார்?"

"தனியாகத்தான் போனேன் என்று சொன்னார்."

"பிறகு?"

"பிறகு நான் அவரைக் காணவில்லை. கேட்கக்கூடிய நிலையிலும் நான் இருக்கவில்லை."

அவருடைய ஆட்கள் கூப்பிட்டார்கள். மற்றக் கையையும் கோட்டுக்குள் விட்டு, பொத்தானைப் போட்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டு போனார்.

அந்தக் கடிதத்தை எழுதாமல் விட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். எழுதாவிட்டால் இருவருமே அகப்பட்டிருக்கலாம். ஆனால் ஒருவரை மறைக்கும்போது அவருக்குப் பின்னால் நின்றவர் வெளியில் தெரிகிறாரா என்று பாருங்கள். எங்களுடைய மொழியில் எங்களோடு பேசியவர் வழிகாட்டி, ஆகவே எங்கள் கண்ணில் அவர் மட்டுமே இருந்தார். எங்கள் கெட்டித்தனம் அவ்வளவுதான்.

அடுத்த நாள் திருமதி ஹார்ட்லிக்குத் தொலைபேசி எடுத்தேன். ஓட்டுநரை அவருக்கு நல்ல ஞாபகம் இருந்தது. திரும்பி வந்ததும் கையைக் கழுவித் துடைத்துவிட்டு அந்த வெள்ளைக் கையுறைகளை மறுபடி போட்டுக்கொண்டது வரைக்கும் சொன்னார். நான் கேட்ட ஒன்றை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. முதலாளியையும் கேட்டேன், பழைய குழுவில் தேடிப்பிடிக்கக்கூடிய எல்லோரையும் கேட்டேன்.

இதில் வழிகாட்டியின் பெயரை நான் எழுதவில்லை. அது தெரிந்தே விட்டது, அவர் உயிரோடு இருக்கிறார். ஓட்டுநரின் பெயரை எழுதாததற்குக் காரணம் வேறு. அதை எங்களில் ஒருவரும் கேட்டு வைக்கவில்லை.